கருப்பை பாதி, மடி மீதி

2023 ஜூன் மாதம் திருப்பதியில் ஓர் ஓங்கோல் பசு கன்று ஈன்றது. பிறந்ததோ சாஹிவால் கன்று. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் கோசாலையும் ஸ்ரீ வேங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த கருமாற்றத்தில் பிறந்த அந்தக் கிடாரிக்குப் பத்மாவதி என்று பெயர் சூட்டினார்கள். ஓங்கோல் பசு அதற்கு வாடகைத் தாய்.

இந்த முறையின் பயனைச் சித்தூர் பக்கத்து மாடு வளர்ப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புங்கனூர் குட்டை மாடு அவர்கள் மண்ணின் இனம். வளர்ந்த மாடே 70 முதல் 90 சென்டிமீட்டர் உயரம்தான் இருக்கும். அருகிப்போன அந்த இனத்தைப் பலமனேர் கால்நடை ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாகப் பேணிவருகிறது. ஒரு பசு ஆண்டுக்கு ஒரு கன்றுக்கு மேல் ஈனாது. அதன் கருக்களை வேறு பசுக்களின் வயிற்றில் வளர்க்க முடிந்தால், ஓர் ஈற்றுக்கு ஒரு கன்று என்ற தடை விலகுகிறது.

உயிரியல் கேட்கும் கேள்வி வேறு. கருமாற்றத்தில் வழக்கமாக ஏழு நாள் வயதுள்ள கருவைத்தான் வாடகைத் தாயின் கருப்பைக்குள் விடுகிறார்கள். எங்கோ உருவான கரு ஒரு வாரம் கழித்து வந்து சேர்கிறது. கருப்பை அதை எப்படி ஏற்றுக்கொள்கிறது? அந்த நாளில் சொந்தக் கருவாக இருந்தாலும் அது தாயோடு ஒட்டியிருக்காது என்பதே விடை. பசுவின் கரு நான்கு ஐந்து நாளில் கருக்குழாயிலிருந்து கருப்பைக்குள் இறங்குகிறது. ஏழெட்டு நாளில் உள்ளே நீர் நிரம்பிய கருக்கோளமாகிறது. ஒன்பதாம் நாள் வாக்கில் தன் மேலுறையைக் கிழித்துக்கொண்டு வெளிவருகிறது. பிறகு உருண்டை வடிவம் போய், சில நாளில் பல சென்டிமீட்டர் நீளமுள்ள இழையாக நீள்கிறது. ஏறத்தாழ இருபதாம் நாள்தான் கருப்பைச் சுவரைப் பற்றத் தொடங்குகிறது. அதுவரை அது ஒரு மிதவை. கருப்பைச் சுவரின் சுரப்பிகள் கசியவிடும் சத்துநீரைக் குடித்து வாழ்கிறது. அந்நீரைக் கருப்பைப் பால் என்றே கருவியலார் அழைக்கிறார்கள்.

280 நாள் சினையில் இந்த மூன்று வாரம் ஒரு சிறு துண்டு. இதே மிதக்கும் காலத்தையே கர்ப்பத்தின் மூன்றில் இரண்டு பங்காக வைத்துக்கொண்ட பாலூட்டிகளும் உண்டு. கங்காரு, வாலபி, கோலா, ஒபாசம் ஆகியவை அடங்கிய பைப்பாலூட்டிகள் அவை. கரு எப்படி ஊட்டம் பெறுகிறது என்பதை அவற்றின் பக்கம் நின்று பார்த்தால், நம் தொழுவத்தில் நடப்பதும் வேறு வெளிச்சத்தில் தெரியும்.

காம்பில் முளைத்த குட்டி

இந்தியாவில் இன்று பைப்பாலூட்டி எதுவும் இயற்கையாக இல்லை. எக்காலத்திலும் இருந்ததில்லை என்று சொல்லிவிட முடியாது. குஜராத்தின் சூரத் மாவட்டத்தில் வஸ்தான் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த, 5 கோடி ஆண்டுக்கும் பழைய சில நுண்ணிய பற்களைப் பைப்பாலூட்டிகளுடையவை என்று சுனில் பாஜ்பாயும் உடன் ஆய்வாளர்களும் 2005ல் அறிவித்தார்கள். ஆனால் அந்தக் கிளை இங்கே தழைக்கவில்லை. தென் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும்தான் அது பெருகியது.

ஆஸ்திரேலியக் கிளையை முதலில் எழுத்தில் பதிந்தவர்களில் ஒருவருக்கு இந்தியா நன்கு பழக்கம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகர் பிரான்சிஸ்கோ பெல்சார்ட் 1620களில் ஆக்ராவில் பணிபுரிந்து, ஜஹாங்கீர் ஆட்சிக்கால வாழ்க்கையைப் பற்றி விரிவான அறிக்கை எழுதியவர். 1629ல் அவர் பொறுப்பில் சென்ற பத்தாவியா கப்பல் மேற்கு ஆஸ்திரேலியாவை ஒட்டிய அப்ரோலோஸ் தீவுகளில் பாறைத்திட்டில் ஏறி உடைந்தது. அங்கே அவர் கண்ட விலங்கு தாமர் வாலபி. கங்காருவின் சிறிய உறவு. வயிற்றுப் பையில் விரல்நுனி அளவுக் குட்டி காம்பைக் கவ்வியபடி தொங்கியது. அத்தனை சிறிய உயிர் கருப்பையிலிருந்து வந்திருக்க முடியாது, காம்பிலிருந்தே முளைத்திருக்க வேண்டும் என்று அவர் எழுதிவைத்தார். இந்த எண்ணம் ஐரோப்பியரிடையே நெடுநாள் நீடித்தது.

பிற்பாடு உண்மை தெரிந்தது. குட்டி கருப்பையில்தான் உருவாகிறது. பிறந்ததும் முன்னங்கால்களால் தாயின் மயிரைப் பற்றி ஏறிப் பையை அடைகிறது. ஆனால் பழைய நம்பிக்கை போன இடத்தில் வேறொரு பிழை வந்து உட்கார்ந்தது. பைப்பாலூட்டிகளுக்கு நஞ்சுக்கொடியே கிடையாது என்று பாடநூல்கள் எழுதின. மற்றப் பாலூட்டிகளுக்கு நஞ்சுக்கொடிப் பாலூட்டிகள் என்று பெயர் வைத்ததால் இந்தப் பிழை எளிதில் வேர் பிடித்தது.

மூன்று உறைக்குள் ஒரு கரு

பைப்பாலூட்டியின் கருவுற்ற முட்டை மூன்று உறைகளுக்குள் இருக்கிறது. உள்ளே நம் முட்டைக்கும் உள்ள ஒளி ஊடுருவும் உறை. அதன்மேல் கருக்குழாய் பூசும் கூழ்ப்படலம். எல்லாவற்றுக்கும் வெளியே மெல்லிய ஓட்டுறை. முட்டையிட்ட மூதாதையரின் ஓடு இங்கே சுண்ணாம்பை இழந்து வெறும் சவ்வாக நிற்கிறது.

முதல் செல் பிளவுகளிலேயே நம் பாதையும் அவற்றின் பாதையும் பிரிகின்றன. மனிதக் கருவிலும் பசுவின் கருவிலும் செல்கள் ஒன்றோடொன்று நெருங்கித் திரண்டு உருண்டையாகின்றன. பிறகு வெளிச்செல்கள் நஞ்சுக்கொடிக்கும், உள்ளே ஒதுங்கும் சிறு கொத்து உடலுக்கும் என்று வேலை பிரிகிறது. பைப்பாலூட்டியில் இப்படித் திரள்வதில்லை. பிளந்த செல்கள் ஒன்றையொன்று நாடாமல் உறையின் உட்சுவரில் போய் ஒட்டிப் பரவுகின்றன. நடுவில் வெற்றிடம், சுற்றிலும் ஒற்றை அடுக்குச் செல்கள். உட்செல் கொத்து என்று ஒன்று இல்லை. அந்த ஒற்றை அடுக்கின் ஒரு பக்கம் உடலாகவும் மறுபக்கம் ஊட்டம் உறிஞ்சும் படலமாகவும் மாறுகிறது.

ஓட்டுறை கிழியாத வரை கருவும் கருப்பைச் சுவரும் தொட்டுக்கொள்ள முடியாது. சத்துநீர் மட்டும் உறை வழியே உள்ளே கசிகிறது. தாமர் வாலபியின் கர்ப்பம் ஏறத்தாழ இருபத்தாறரை நாள். அதில் முதல் 18 நாளும் இப்படியே போகிறது.

சில இனங்களில் இந்தக் காலத்தை இன்னும் நீட்டிக்கும் ஏற்பாடும் உண்டு. தாமர் வாலபி ஜனவரிக் கடைசியில் குட்டி ஈன்ற சில மணி நேரத்திலேயே மீண்டும் இணைசேரும். புதிய கரு 80 முதல் 100 செல்கள் வரை வளர்ந்து நின்றுவிடும். பையிலுள்ள குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கும் வரை அது நகராது. குட்டி பால் மறந்த பிறகும், பகல் நீளும் பருவம் அதை நிறுத்தியே வைக்கிறது. டிசம்பர் 22ஐ ஒட்டி ஆஸ்திரேலியாவில் ஆண்டின் நீளமான பகல் வந்து, பொழுது குறையத் தொடங்கியதும் தாயின் மூளையில் மெலடோனின் சுரப்பு மாறுகிறது. அதைத் தொடர்ந்து கரு வளரத் தொடங்கி, ஜனவரிக் கடைசியில் பிறக்கிறது. பதினோரு மாதம் நூறு செல்லுக்குள் உறங்கிய உயிர் ஒரு மாதத்துக்குள் வெளியே வருகிறது.

கடைசி எட்டு நாள்

18ஆம் நாள் ஓட்டுறை கிழிந்ததும் தாயின் திசுவும் கருவின் படலமும் முதன்முறையாக ஒன்றையொன்று தொடுகின்றன. அப்போது உருவாவது நஞ்சுக்கொடிதான். ஆனால் அது எழும் இடம் வேறு.

கோழி முட்டையில் குஞ்சுக்கு உணவாகும் மஞ்சள் கருவைச் சுற்றி ஒரு பை இருக்கும். பாலூட்டிகளில் மஞ்சள் கரு பெரும்பாலும் போய்விட்டது. பை மட்டும் நின்றுவிட்டது. மனிதக் கருவிலும் அது உண்டு. நம் முதல் ரத்த செல்கள் உருவாவது அதன் சுவரில்தான். பிறகு அது சுருங்கிப்போக, கழிவுநீரைத் தேக்கும் அல்லன்டாயிஸ் என்ற இன்னொரு பையின் ரத்தக் குழாய்கள் நஞ்சுக்கொடியை ஏற்று நடத்துகின்றன. பெரும்பாலான பைப்பாலூட்டிகளில் இந்தக் கைமாற்றம் நடப்பதில்லை. மஞ்சள்கருப் பையே விரிந்து கருப்பைச் சுவரில் படிந்து நஞ்சுக்கொடியாகிறது. அதன் ஒரு பாதியில் ரத்தக் குழாய்கள் பரவி மூச்சுக் காற்றைப் பரிமாறுகின்றன. குழாய் இல்லாத மறுபாதி சுரப்பிகளின் கசிவை உறிஞ்சுகிறது. அல்லன்டாயிஸ் சிறுநீர்ப் பையாகவே தங்கிவிடுகிறது.

இத்தனை ஏற்பாடும் எட்டு நாளுக்கு மட்டும். ஏன் அது நீளவில்லை? 2017ல் யேல் பல்கலைக்கழகத்தில் குந்தர் வாக்னரின் குழு சாம்பல்நிறக் குட்டைவால் ஒபாசத்தை ஆராய்ந்து ஒரு விடை சொன்னது. அதன் கர்ப்பம் 14 நாள்தான். உறை கிழிந்து கரு ஒட்டியதும் கருப்பையில் காயம் பட்ட இடத்தில் நடப்பது போன்ற அழற்சி எழுகிறது. அது அடங்குவதற்குள் பிரசவம் நடந்துவிடுகிறது. நம் கிளையிலும் கரு ஒட்டும்போது அதே அழற்சியின் சாயல் தென்படுகிறது. நம் மூதாதையர் அதன் ஒரு பகுதியை அடக்கவும் இன்னொரு பகுதியைப் பயன்படுத்தவும் தேர்ந்தார்கள். நீண்ட கர்ப்பம் அதன்பின் வந்தது.

நாள்காட்டிக் கணக்கும் ஒன்று இருக்கிறது. பசு 21 நாளுக்கு ஒருமுறை சினைப் பருவத்துக்கு வரும். சினை தங்க வேண்டுமானால், அடுத்த பருவம் வருமுன் கரு தான் இருப்பதைத் தாய்க்கு அறிவித்தாக வேண்டும். 16ஆம் நாள் வாக்கில் அது இன்டர்பெரான் டௌ என்ற புரதத்தைச் சுரந்து அந்தச் செய்தியை அனுப்புகிறது. அது தவறினால் சினை நிற்காது. பெரும்பாலான பைப்பாலூட்டிகளில் கர்ப்பம் ஒரு பருவச் சுழற்சிக்குள்ளேயே முடிந்துவிடுவதால் இந்தப் பிரச்சினையே எழுவதில்லை. அதற்காகத் தாய் கருவைக் கவனிப்பதே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. வாலபிக்குக் கருப்பை இரண்டு. ஒன்றில்தான் கரு இருக்கும். இரண்டுக்கும் ஓடுவது ஒரே ரத்தம், ஒரே ஹார்மோன்கள். இருந்தும் கரு உள்ள கருப்பை மட்டும் கூடுதலாகச் சுரக்கிறது என்று ஆஸ்திரேலிய அறிவியலாளர் மெரிலின் ரென்ஃப்ரீ 1972ல் காட்டினார். கருவும் அதன் நஞ்சுக்கொடியும் தாயோடு பேசுகின்றன என்பதற்கு அது அசைக்க முடியாத சான்றாயிற்று.

சிட்னியிலிருந்து தேவாங்குக்கு

ஜேம்ஸ் பீட்டர் ஹில் ஸ்காட்லாந்துக்காரர். 1890களில் சிட்னி பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தபோது பாண்டிகூட் என்ற பைப்பாலூட்டியின் கருப்பையை அறுத்துப் பார்த்தார். நம் ஊர்ப் பெருச்சாளிக்கும் அதே ஆங்கிலப் பெயர் உண்டு என்றாலும் இரண்டுக்கும் உறவு கிடையாது. அங்கே மஞ்சள்கருப் பையோடு நில்லாமல், அல்லன்டாயிஸும் கருப்பைச் சுவரைத் தொட்டு, நம்முடையதைப் போன்ற நஞ்சுக்கொடியை அமைத்திருப்பதை அவர் கண்டார். 1895ல் அதன் முதற்குறிப்பு அச்சேறியது. நஞ்சுக்கொடி இல்லாத பாலூட்டிகள் என்ற வகைப்பாடு அத்தோடு ஆட்டம் கண்டது.

ஹில் பின்னர் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரிக்குப் போனார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட இன்னொரு விலங்கு நமக்கு நெருக்கமானது: தேவாங்கு. திருப்பதியை அணைத்து நிற்கும் சேஷாசலக் காடுகளில் அது வாழ்கிறது. தமிழ்நாடு அரசு 2022ல் கரூர், திண்டுக்கல் மாவட்டக் காடுகளைச் சேர்த்துக் கடவூரில் தேவாங்குக்கென்றே ஒரு சரணாலயம் அறிவித்தது. தேவாங்கின் கருப்படலங்கள் வளரும் விதத்தை ஹில்லும் இன்ஸ் என்பவரும் மைசூர் பல்கலைக்கழகத்தின் ஏ. சுப்பராவும் சேர்ந்து ஆராய்ந்து 1928ல் வெளியிட்டார்கள்.

குரங்கும் மனிதனும் அடங்கிய வரிசையைச் சேர்ந்த தேவாங்குக்கு நஞ்சுக்கொடி மட்டும் வேறு வகையில் அமைந்திருக்கிறது. மனிதனில் சிசுவின் திசு தாயின் சுவரை அரித்து உள்ளே போய், தாயின் ரத்தத்திலேயே நனைகிறது. தேவாங்கில் தாயின் சுவர் குலையாமல் இருக்க, சிசுவின் படலம் அதன்மேல் மெல்லப் படிகிறது. ஏறத்தாழ பசுவிலும் இப்படித்தான். இந்த மேலோட்டமான ஒட்டுதல் பழையது, மனிதனின் ஆழமான பிடிப்பு முன்னேறியது என்று அக்காலத்தவர் வரிசைப்படுத்தினார்கள். டி.என்.ஏ. கொண்டு பாலூட்டிகளின் குடும்ப மரத்தை மறுபடி வரைந்தபோது அந்த வரிசை நிலைக்கவில்லை. ஆழமான பிடிப்பே பழையது, தேவாங்கும் பசுவும் தனித்தனியே மேலோட்டமான ஒட்டுதலுக்கு வந்து சேர்ந்தன என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. கால் கிலோ அளவே எடையுள்ள தேவாங்கு, இந்த ஒட்டுதலை வைத்துக்கொண்டே ஐந்தரை மாதம் குட்டியைச் சுமக்கிறது. ஐந்து கிலோ வாலபிக்கு ஒரு மாதமும் ஆவதில்லை. கொடியின் அமைப்பை மட்டும் பார்த்துக் கர்ப்பத்தின் நீளத்தைச் சொல்ல முடியாது.

மடிக்கு மாறிய வேலை

பிறக்கும் வாலபிக் குட்டி அரை கிராம்கூட இருக்காது; ஒரு வேர்க்கடலைப் பருப்பு அளவு. கண் திறக்கவில்லை, பின்னங்கால்கள் மொட்டாகவே நிற்கின்றன, நுரையீரல் முழுமை பெறவில்லை. வாயும் மூக்கும் முன்னங்கால்களும் மட்டும் தயார். காம்பைக் கவ்வியதும் அது வாய்க்குள் பருத்து இறுகிவிடும். பையில் எட்டு ஒன்பது மாதம். நமக்கு நஞ்சுக்கொடி வழியே நடக்கும் வளர்ச்சியில் பெரும்பகுதி அதற்குக் காம்பு வழியே நடக்கிறது.

அதனால் பாலும் ஒரே பாலாக இருக்க முடியாது. முதல் மாதங்களில் மாவுச்சத்து மிகுந்த நீர்த்த பால். பிறகு கொழுப்பு மிகுந்த கெட்டிப் பால். கங்காருவின் பையில் புதுக்குட்டி ஒரு காம்பில் இருக்க, வெளியே துள்ளித் திரியும் அண்ணன் வேறொரு காம்பில் வந்து குடிக்கும்போது, அடுத்தடுத்த காம்புகள் இரண்டும் வெவ்வேறு பாலைத் தருகின்றன. வாலபிக் குட்டியை அதைவிட மூத்த குட்டியுடைய தாயிடம் மாற்றிவைத்த சோதனைகளில், முன்கூட்டியே கிடைத்த கெட்டிப் பாலால் அது விரைவாக வளர்ந்தது. எவ்வளவு வேகமாக வளர வேண்டும் என்பதில் பாலுக்கும் பங்கிருக்கிறது.

2017ல் ஸ்டான்ஃபோர்டின் ஜூலி பேக்கரும் ரென்ஃப்ரீயும் அவர்களுடைய உடன் ஆய்வாளர்களும் இதை மரபணு அளவில் பார்த்தார்கள். வாலபியின் எட்டு நாள் நஞ்சுக்கொடியில் இயங்கும் மரபணுக்கள், நம் கிளையின் நஞ்சுக்கொடி தன் தொடக்க நாட்களில் இயக்குபவற்றை ஒத்திருந்தன. நம் நஞ்சுக்கொடி பிற்பகுதியில் இயக்கும் பல மரபணுக்கள் வாலபியின் மடியில் இயங்கின. பட்டியல் ஏறக்குறைய ஒன்று. வேலை நடக்கும் உறுப்புதான் மாறியிருக்கிறது.

இந்தப் பங்கீட்டைப் பசுவிலும் காணலாம். மனிதத் தாயின் நோயெதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகவே சிசுவுக்குப் போய்ச் சேர்கின்றன. பசுவின் நஞ்சுக்கொடியில் அடுக்குகள் அதிகம். அந்தப் புரதங்களால் அவற்றைக் கடந்துபோக முடிவதில்லை. கன்று அந்தப் புரதங்கள் ஏறக்குறைய இல்லாமலே பிறக்கிறது. அந்தப் பொறுப்பைச் சீம்பால் ஏற்கிறது. முதல் ஒரு நாளுக்குத்தான் கன்றின் குடல் அந்தப் புரதங்களை அப்படியே ரத்தத்துக்குள் விடும்; அதன்பின் வழி அடைபடும். கன்று விழுந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்டிவிடுங்கள் என்று கால்நடை மருத்துவர்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுதான். நஞ்சுக்கொடி விழும்வரை சீம்பாலைக் கறக்கவோ ஊட்டவோ கூடாது என்ற வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. கொடி விழப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலாம். காத்திருந்தால் கன்றுக்குத்தான் நட்டம்.

ஆக, கங்காருவையும் பசுவையும் மனிதனையும் ஒரே கணக்கில் வைக்கலாம். கருவை ஆளாக்கும் வேலையில் கருப்பைக்கு எவ்வளவு, மடிக்கு எவ்வளவு என்ற விகிதம்தான் வேறுபடுகிறது. வறட்சியில் இந்த விகிதம் பைப்பாலூட்டிக்குக் கைகொடுக்கிறது. உணவு அற்றுப்போனால் தாய் இழப்பது சில கிராம் குட்டியை மட்டுமே. மழை திரும்பியதும் உறங்கும் கரு தயாராக இருக்கிறது.

அதற்கு ஒரு விலையும் உண்டு. அரை கிராம் குட்டி பிறந்த உடனே ஏறியாக வேண்டும் என்பதால் தோளும் முன்னங்காலும் முதலிலேயே உருவாகி, பற்றிப் பிடிக்கும் வடிவத்துக்குக் கட்டுப்படுகின்றன. பைப்பாலூட்டிகளில் திமிங்கிலம் போலத் துடுப்புக் கை கொண்டதோ, வௌவால் போலச் சிறகு விரித்ததோ தோன்றாததற்கு இதுவே காரணம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஹில்லின் பாண்டிகூட் குடும்பம் இந்தக் கருத்துக்கு ஒரு சோதனைக்களம். அவற்றின் பை பின்பக்கம் திறப்பதால் குட்டி போக வேண்டிய தூரம் மிகக் குறைவு. ஏறுவதைவிட நெளிந்து போவதே அதிகம். அந்தக் குடும்பத்தில்தான் முன்னங்காலில் இரண்டே விரல் ஊன்றிக் குளம்புபோல் நடந்த பன்றிக்கால் பாண்டிகூட் தோன்றியது. 20ஆம் நூற்றாண்டில் அது அற்றுப்போனது. ஏற வேண்டிய கட்டாயம் தளர்ந்த கிளையில் கால் வேறு வடிவம் எடுக்க முடிந்திருக்கிறது. கருப்பையும் மடியும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் விதம், அந்த விலங்கு பிற்காலத்தில் என்னவாக முடியும் என்பதற்கும் எல்லை போடுகிறது.